52 பல் உள்ள பிஸ்கட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் லீவில் வந்தபோது ஒரு பிஸ்கட் பாக்கெட் கொண்டுவந்தான். மேலே ‘லைப்னிஸ்’ என்று போட்டிருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் வரும் அதே லைப்னிஸா? அவருக்கும் பிஸ்கட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: அதே ஆள்தான். நுண்கணிதத்தை முதலில் கண்டுபிடித்தது யார் என்று நியூட்டனோடு மல்லுக்கு நின்றவர், சைபரும் ஒன்றும் மட்டும் வைத்து எல்லா எண்ணையும் எழுதலாம் என்று காட்டியவர், கைப்பிடியைச் சுற்றினால் பெருக்கிக் கொடுக்கும் இயந்திரம் செய்தவர். பிஸ்கட் மட்டும் செய்யவில்லை. 1676 முதல் 1716ல் சாகும்வரை ஹானோவர் அரசவையில் நூலகர், ஆலோசகர் என்று சம்பளத்துக்கு இருந்தார், அவ்வளவுதான் தொடர்பு. அதே ஹானோவரில் 1891ல் ஹெர்மன் பால்சன் என்பவர் புதிதாக ஒரு வெண்ணெய் பிஸ்கட் போட்டார், அதற்கு ஊர்ப் பெரிய மனிதர் பெயரை வைத்தார். பிரபலங்கள் பெயரைத் தின்பண்டத்துக்கு வைப்பது அப்போது அங்கே ஒரு மோஸ்தர். சால்ஸ்பர்க்கில் மொசார்ட் பெயரில் இனிப்பு உருண்டை வந்ததும் அதே காலம்தான், பிஸ்மார்க் பெயரில் வினிகரில் ஊறிய மீனே விற்றது. விளைவு என்னவென்றால், ஜெர்மன் குழந்தைக்கு லைப்னிஸ் முதலில் பிஸ்கட்டாகத்தான் அறிமுகமாகிறார், தத்துவஞானி பத்து வருடம் கழித்துத்தான் வருகிறார்.

கேள்வி: இந்தப் பால்சன் பரம்பரை பேக்கரிக்காரரா?

பதில்: இல்லை, வியாபாரி. 1859ல் ஹானோவரில் பிறந்தவர். இளம் வயதில் இங்கிலாந்து போய் சர்க்கரை வியாபாரத்தில் இருந்தார், அங்கேதான் பிஸ்கட் என்பது ஆலையில் செய்து பெரிய அளவில் விற்கக்கூடிய சரக்கு என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். ஊர் திரும்பி, ‘ஆங்கிலேய பாணி கேக், பிஸ்கட்’ செய்துகொண்டிருந்த ஒரு சின்னக் கம்பெனியை 1889ல் வாங்கினார். ஏறக்குறைய பத்து பேர் வேலை செய்த இடம். இரண்டு வருடத்தில் லைப்னிஸ், அடுத்த இரண்டு வருடத்தில், அதாவது 1893ல், சிகாகோ உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம். வேகமான ஆள்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். செவ்வகம், ஓரமெல்லாம் பல், நடுவில் எழுத்து, சுற்றிப் புள்ளிப் புள்ளியாக ஓட்டை என்ற அந்த உருவம் பால்சனின் சொந்தக் கற்பனை என்று ஜெர்மனியில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரான்சில் நான்த் ஊரில் லூயி லெஃபெவ்ர் யூட்டீல் 1886லேயே ‘பெத்தி பெர்’ என்ற பிஸ்கட்டை ஏறக்குறைய இதே உருவத்தில் போட்டுவிட்டார். அதிலும் மூலைகளைச் சேர்த்து எண்ணினால் 52 பல். நான் வக்கீல் இல்லை, ஆனால் கண் இருக்கிறது.

கேள்வி: 52 பல் என்பது வருடத்துக்கு 52 வாரம் என்பதாலா?

பதில்: அது பிரெஞ்சுக்கார பிஸ்கட்டுக்குச் சொல்லப்படும் கதை. மூலைக்கு ஒன்றாக நான்கு பருவம், பல்லுக்கு ஒன்றாக வாரம், 24 ஓட்டைக்கு 24 மணி நேரம் என்று அடுக்குவார்கள். கேட்க நன்றாக இருக்கும். பால்சன் அந்தக் கதைக்குப் போகவில்லை, “52 பல் இருந்தால்தான் அசல்” என்று விளம்பரம் செய்து விஷயத்தை முடித்துக்கொண்டார்கள்.

ஓட்டைக்கு மட்டும் உண்மையான வேலை உண்டு. மாவைத் தகடாகத் தேய்த்து அடுப்பில் விட்டால் உள்ளே உள்ள ஈரம் ஆவியாகும், போக வழி இல்லையென்றால் மேல்பக்கம் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு கிளம்பும். ஓட்டை வழியாக ஆவி வெளியேறினால் பிஸ்கட் தட்டையாக, ஒரே சீராக வேகும். பல் வெறும் அழகுக்குத்தான். ஆனால் அந்த அழகுதான் காசு பண்ணிக் கொடுத்தது. ஜெர்மானியர்களில் பலருக்கு முதலில் நான்கு மூலையையும் கடித்துவிட்டு, அப்புறம் ஓரத்தைக் கொறித்து, கடைசியில் நடுப்பகுதியைத் தின்கிற வழக்கம் சிறு வயதிலிருந்தே இருக்கிறது. விளம்பரக்காரர் எவரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை இது.

கேள்வி: பாக்கெட்டில் ‘டெட்’ என்று ஒரு சின்னம் இருக்கிறதே, எகிப்து எழுத்து மாதிரி?

பதில்: எகிப்து எழுத்தேதான். அந்தக் காலத்தில் பிஸ்கட் வியாபாரிக்குப் பெரிய எதிரி ஈரக்காற்று. ஆலையை விட்டு மொறுமொறு என்று கிளம்புவது கடைக்குப் போய்ச் சேர்ந்து சில நாளில் நமுத்துவிடும். 1904ல் தூசியும் ஈரமும் புகாத ஒரு பாக்கெட்டை பால்சன் கொண்டுவந்தார், அதற்கு அடையாளமாக பாம்பு உருவம் வரும் ஒரு பழைய எகிப்திய எழுத்துச் சேர்க்கையை எடுத்துக்கொண்டார். ‘என்றைக்கும் கெடாமல் நிலைப்பது’ என்று பொருள். அப்போது ஐரோப்பா முழுக்க எகிப்து மோகம், பிரமிடும் மம்மியுமாகப் பத்திரிகைகளில் ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பிடித்து பிஸ்கட் டப்பாவில் ஒட்டிவிட்டார்.

அடுத்த வருடமே, 1905ல், ஆலையின் பாக்கிங் பகுதியில் நகரும் பட்டை போட்டார். ஹென்றி ஃபோர்டு கார் ஆலையில் ஓடும் பட்டையைக் கொண்டுவந்தது 1913ல். நகரும் பட்டை என்றாலே ஃபோர்டு என்று பாடப் புத்தகம் சொல்கிறது, எட்டு வருடம் முன்னால் ஹானோவரில் பிஸ்கட் டப்பா அதில் போய்க்கொண்டிருந்தது. காருக்கு இருக்கும் மவுசு பிஸ்கட்டுக்கு ஏது.

கேள்வி: பிஸ்கட் கம்பெனிக்காரர் ஒரு முழு நகரமே கட்டப் பார்த்தார் என்று எங்கோ படித்தேன். உண்மையா, கட்டுக்கதையா?

பதில்: உண்மை. இந்தக் குடும்பக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பைத்தியக்காரத்தனம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

ஹெர்மன் பால்சனுக்குக் கலைப் பித்து உண்டு. பிஸ்கட் டப்பாவுக்கும் போஸ்டருக்கும் சாதாரண அச்சகக்காரரிடம் போகாமல் நல்ல ஓவியர்களை அமர்த்தினார். ஹானோவர்க்காரப் பெண் ஓவியர் ஏன்னே கோக்கன் அதில் ஒருவர், பின்னால் மார்ட்டெல் ஷ்விஷ்டென்பெர்க் வந்து வரைந்த பாக்கெட்டுகளை இன்று மியூசியங்களில் வைத்திருக்கிறார்கள். போட்பீல்ஸ்கி தெருவில் கட்டிடக் கலைஞர் கார்ல் ஸீப்ரெஷ்ட்டை வைத்து அலுவலகம் கட்டினார், முதல் உலகப்போருக்குக் கொஞ்சம் முன்னால் கட்டிய அந்தக் கட்டிடத்தில்தான் கம்பெனி இன்னும் இருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. போர் உச்சத்தில் இருக்கும்போது பெர்ன்ஹார்ட் ஹெட்கர் என்ற சிற்பியைக் கூப்பிட்டு, ‘டெட் நகரம்’ என்று ஒன்றை வடிவமைக்கச் சொன்னார். ஆலை, தொழிலாளர் வீடுகள், கலை நிகழ்ச்சிக்கு இடம் எல்லாம் ஒரே வளாகத்தில், எகிப்தியக் கோயில் தோரணையில். ஹெட்கர் வரைந்து, மாதிரி உருவமும் செய்து கொடுத்தார். இதெல்லாம் நடந்த காலத்தை நினைத்துப் பாருங்கள்: ஜெர்மனியில் ரொட்டிக்கே ரேஷன், 1916-17 குளிர்காலத்தில் மாட்டுக்குப் போடும் கிழங்கை மனிதர் தின்று உயிர் பிழைத்தார்கள். அந்த நேரத்தில் பிஸ்கட் முதலாளி எகிப்து அரண்மனைக்கு பிளான் போட்டுக்கொண்டிருக்கிறார்! ராணுவத்துக்கு பிஸ்கட் போனதால் ஆலை ஓடியது, கையில் காசு இருந்தது. தொழிலாளிக்கு நல்ல வீடும் வெளிச்சமான ஆலையும் வேண்டும் என்ற நல்ல எண்ணமும் அதில் இருந்தது, தன் பெயர் பிரமிடு மாதிரி நிற்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

1918ல் ஜெர்மனி போரில் தோற்றது, பணம் கரைந்தது, 1919 நவம்பரில் ஹெர்மன் பால்சனும் போய்ச் சேர்ந்தார். ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. ஹெட்கர் பிற்பாடு பிரெமன் நகரில் லுட்விக் ரோசேலியுஸ் என்ற காபி வியாபாரிக்காக வேறு விசித்திரக் கட்டிடங்களைக் கட்டினார், அவை இன்றும் பெட்ஷர் தெருவில் நிற்கின்றன. பிஸ்கட்காரர் கோட்டை விட்டது காபிக்காரருக்குக் கிடைத்தது.

கேள்வி: தங்க பிஸ்கட் திருட்டு என்று ஒரு செய்தி முன்பு வந்ததே, அது இந்தக் கம்பெனிதானா?

பதில்: இதே கம்பெனி, இதே போட்பீல்ஸ்கி தெருக் கட்டிடம். வாசல் முகப்பில் இரண்டு சிற்ப மனிதர்கள் நடுவே ஒரு லைப்னிஸ் பிஸ்கட் தொங்கும். உலோகத்தில் செய்து தங்க முலாம் பூசியது, சுமார் 20 கிலோ. 2013 ஜனவரியில் பார்த்தால் ஆளைக் காணோம், சிற்பங்கள் வெறுங்கையோடு நிற்கின்றன.

அப்புறம் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் வந்தது, சினிமா வில்லன் பாணியில் எழுத்தெழுத்தாக வெட்டி ஒட்டியது. கூடவே ஒரு போட்டோ: குழந்தைகள் டிவியில் வரும் பிஸ்கட் தின்னும் நீலப் பூதம் வேஷத்தில் ஒருவர் தங்க பிஸ்கட்டைக் கடிப்பது மாதிரி போஸ் கொடுக்கிறார். கோரிக்கை என்ன தெரியுமா? குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுக்க வேண்டும், அதுவும் பால் சாக்லேட் பூசியதாக இருக்க வேண்டும், கருப்பு சாக்லேட் கூடாது, சாக்லேட் இல்லாததும் கூடாது. கம்பெனி அறிவித்த 1,000 யூரோ பரிசுப் பணத்தைப் பிராணிகள் காப்பகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

அப்போதைய கம்பெனித் தலைவர், நிறுவனரின் பேரன் வெர்னர் மிக்கேல் பால்சன் அசரவில்லை. மிரட்டலுக்குப் பணிய மாட்டோம், ஆனால் பிஸ்கட் திரும்பி வந்தால் 52 சேவை அமைப்புகளுக்கு 52,000 பாக்கெட் தருகிறோம் என்றார். பிப்ரவரி முதல் வாரத்தில், பல்கலைக்கழகத்துக்கு முன்னால் இருக்கும் குதிரைச் சிலையின் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது பிஸ்கட். எந்தப் பல்கலைக்கழகம் என்றால், 2006ல் லைப்னிஸ் பெயர் சூட்டப்பட்ட அதே ஹானோவர் பல்கலைக்கழகம். திருடியது யார் என்று கண்டுபிடிக்கவே இல்லை. கம்பெனியே ஆள் வைத்துச் செய்த விளம்பரம் என்று அப்போது பேச்சு கிளம்பியது, அவர்கள் மறுத்தார்கள்.

கேள்வி: நல்ல கதையாகவே சொல்லிக்கொண்டு போகிறீர்கள். நாஜிகள் காலத்தில் இவர்கள் என்ன செய்தார்கள்? 2019ல் அந்தக் குடும்பத்துப் பெண் ஒருவர் ஏதோ பேசி மாட்டிக்கொண்டார் என்று ஞாபகம்.

பதில்: கேட்டது சரி. வெரேனா பால்சன், வெர்னர் மிக்கேலின் மகள், நிறுவனரின் கொள்ளுப்பேத்தி, அப்போது இருபதுகளில் இருந்தார், கம்பெனியில் கால்பங்குக்குச் சொந்தக்காரர். 2019 மே மாதம் ஹாம்பர்க்கில் ஒரு மார்க்கெட்டிங் மாநாட்டில், நான் முதலாளித்துவவாதி, பால்சனில் கால்வாசி எனக்கு, சந்தோஷம், பாய்மரப் படகு வாங்க ஆசை என்கிற மாதிரி பேசினார். அந்தச் சொத்து எப்படி வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா என்று ஊர் கேட்டது. அதற்கு ஒரு பத்திரிகையிடம் சொன்ன பதில்தான் வினையானது: அது என் காலத்துக்கு முந்தியது, கட்டாயத் தொழிலாளர்களுக்கு ஜெர்மானியர்களுக்குக் கொடுத்த அதே சம்பளம் கொடுத்தோம், நன்றாகவே நடத்தினோம் என்றார். சில நாளில் யோசிக்காமல் பேசிவிட்டேன் என்று மன்னிப்பும் கேட்டார், 2022ல் கம்பெனிப் பொறுப்பிலிருந்து விலகினார்.

அவரைத் திட்டுவது சுலபம். எனக்குத் தோன்றுவது வேறு. அந்தப் பெண் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, வீட்டில் சாப்பாட்டு மேஜையில் மூன்று தலைமுறையாக அப்படித்தான் பேசியிருப்பார்கள். சொந்தக் குடும்பத்தின் கம்பெனி என்றால் தாத்தா கதைதான் கம்பெனி வரலாறு. தாத்தாவிடம் யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்?

கம்பெனி அப்போது 1943 முதல் 1945 வரை சுமார் 200 கட்டாயத் தொழிலாளர்கள் என்று கணக்கு வைத்திருந்தது. விவகாரம் பெரிதானதும் வரலாற்று ஆய்வாளர் மன்ஃப்ரெட் கிரீகரிடம் ஆவணங்களைக் கொடுத்து ஆராயச் சொன்னார்கள். இன்னொரு வரலாற்று ஆய்வாளர் ஹார்ட்மூட் பெர்கோஃப்பும் அவரும் எழுதிய பெரிய ஆய்வு 2024ல் வெளிவந்தது. அதன்படி 1940 முதல் 1945 வரை 800 பேருக்கு மேல். பெரும்பாலும் பெண்கள், போலந்திலிருந்தும் உக்ரைனிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். சம்பளம் சமம் என்ற கதையும் அதில் அடிபட்டுப்போனது. நாஜி விதியே அதை அனுமதிக்கவில்லை: போலந்துக்காரர்களும் சோவியத் பகுதியிலிருந்து வந்தவர்களும் சட்டையில் அடையாளத் துணி தைத்துக்கொள்ள வேண்டும், கூலியில் பிடித்தம், தங்குவது முகாமில். இரவு ஷிஃப்ட் முடித்து வரும் ஜெர்மன் பெண் வீட்டுக்குப் போவாள், அதே பட்டையில் பக்கத்தில் நின்று பிஸ்கட் அடுக்கிய உக்ரைன் பெண் கொட்டடிக்குப் போவாள். இதில் ‘நன்றாக நடத்தினோம்’ எங்கே வரும்?

ஆலை ராணுவத்துக்குத் தின்பண்டம் கொடுத்ததால் போருக்கு அவசியமான தொழில் என்ற தகுதி கிடைத்தது, அந்தத் தகுதி இருந்ததால் மாவும் சர்க்கரையும் ஆட்களும் கிடைத்தன. ஜெர்மன் படை பிடித்த கீவ் நகரில் ஒரு பிஸ்கட் ஆலையும் இவர்கள் கைக்கு வந்தது. நிறுவனரின் பிள்ளைகள் நடத்திய காலம் அது, நாஜி கட்சியில் சேர்ந்தவர்களாகவும் இருந்தார்கள். ஆய்வு வெளியானபோது குடும்பம் ஓர் அறிக்கை விட்டது: எங்கள் கம்பெனி எப்படி இரண்டாம் உலகப்போரைத் தாக்குப்பிடித்தது என்ற மிக சாதாரணமான கேள்வியை நாங்கள் கேட்கவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு வரி நேர்மையானது, வருவதற்கு எண்பது வருடம் ஆனது.

கேள்வி: அந்தத் தொழிலாளர்களுக்கு நஷ்டஈடு?

பதில்: முன்னாள் கட்டாயத் தொழிலாளர்கள் நீதிமன்றம் போனார்கள், காலக்கெடு தாண்டிவிட்டது என்று தள்ளுபடி ஆனது. 2000ல் ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் பாதிப்பாதியாக 1,000 கோடி மார்க் போட்டு ஓர் அறக்கட்டளை வைத்தன, அதிலிருந்துதான் பிழைத்திருந்தவர்களுக்குப் பணம் போனது. அதற்கு பால்சன் கொடுத்தது 15 லட்சம் மார்க். சட்டப்படி விஷயம் முடிந்தது என்பது உண்மைதான். போதுமா என்று கேட்டால், வருடத்துக்குப் பல கோடி புரளும் கம்பெனிக்கு அது கையைக் கடிக்கும் தொகை இல்லை.

கேள்வி: ‘லோரென்ஸ்’ என்று ஒரு சிப்ஸ் பாக்கெட்டில் சின்னதாக பால்சன் என்று பார்த்ததாக ஞாபகம். போலியா?

பதில்: போலி இல்லை, தம்பி-அண்ணன் பாகப்பிரிவினை. மூன்றாம் தலைமுறையில் யார் சொல் எடுபடுவது என்று வருடக்கணக்கில் உரசல். 1999ல் பிரித்துக்கொண்டார்கள், அதுவும் ருசியின்படி: இனிப்பு வெர்னர் மிக்கேலுக்கு, உப்பு லோரென்ஸுக்கு. லோரென்ஸ் பிராங்பர்ட்டுக்குப் பக்கத்தில் நோய் இசன்பர்கில் தலைமை அலுவலகம் வைத்துக்கொண்டு சிப்ஸ், உப்புக் குச்சி, மசாலாக் கடலை என்று தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தார். சொத்துச் சண்டையில் கம்பெனியை யாருக்கோ விற்றுவிட்டுக் காசைப் பங்கு போட்ட குடும்பங்கள் எத்தனையோ, இவர்கள் இரண்டு அடுப்பு வைத்து இரண்டையும் எரிய விட்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு சபாஷ்.

கேள்வி: இப்போது யார் நடத்துகிறார்கள்? கம்பெனி இன்னும் குடும்பத்திடமா?

பதில்: உரிமை குடும்பத்திடம், அன்றாட நிர்வாகம் வெளியாட்களிடம். வெர்னர் மிக்கேல் 2018ல் நாற்காலியை விட்டு இறங்கி மேற்பார்வைக் குழுவுக்குப் போனார். பிள்ளைகளில் ஒருவர் மேலே வருவார் என்ற எதிர்பார்ப்பு இருந்தது, வெரேனாவின் பேச்சுக்குப் பிறகு அந்த வாய்ப்பு மங்கியது, சம்பளத்துக்கு நிர்வாகிகளை வெளியிலிருந்து அமர்த்தினார்கள். விற்பனை 50 கோடி யூரோவுக்கு மேல். 60 வருடமாக ‘ஆப்பிரிக்கா’ என்ற பெயரில் விற்ற சாக்லேட் வேஃபருக்கு, அந்தப் பெயர் இனி ஒத்துவராது என்று கண்டனம் வந்ததும் ‘பெர்பேட்டும்’ என்று மாற்றிவிட்டார்கள். வெண்ணெய் பிஸ்கட்டில் மட்டும் கை வைப்பதில்லை. ஜெர்மனியில் வெண்ணெய் பிஸ்கட் என்று எழுத வேண்டுமென்றால் 100 கிலோ மாவுக்குக் குறைந்தது 10 கிலோ வெண்ணெய் இருக்க வேண்டும் என்று உணவு நெறிமுறை இருக்கிறது, அதனால் பாமாயிலை ஊற்றி மிச்சம் பிடிக்கவும் வழியில்லை. மகன் கொண்டுவந்த பாக்கெட்டைப் பிரித்துவிட்டீர்களென்றால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள் அம்மா, மழைக்காலத்தில் ‘டெட்’ சின்னம் காப்பாற்றாது.